அடிப்பதற்குப் பின்னால் இருக்கும் காரணம்: வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் கடுமையான நடத்தையை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளை தன் தலையைத் தானே சுவரில் முட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படிப்பட்ட வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கை பதறும். எதைக் கொடுத்தாவது அதை நிறுத்திவிடத் தோன்றும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இந்த அளவு கடுமையான நடத்தை வருகிறது: தன்னையே அடித்துக்கொள்வது, கடித்துக்கொள்வது, கண்ணில் விரலால் குத்திக்கொள்வது, மற்றவர்களைத் தாக்குவது, தின்னக்கூடாததை விழுங்குவது, கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவது. "ஏன் இப்படிப் பண்றான்?" என்று எல்லாரும் கேட்பார்கள். "பிடிவாதம்", "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு அமைதியாக இருந்த பிள்ளை பதினொரு மணிக்கு ஆவேசமாகிறது என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் ஆட்டிசம் மாறவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அந்த வேறு ஏதோவைத் தேடிப் பிடித்து, அதற்கேற்றபடி சூழலையும் நம்மையும் மாற்றுவதுதான் நடத்தைப் பகுப்பாய்வு. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட முடியாது. எதை நீங்களே செய்யலாம், எங்கே நிபுணர் கட்டாயம் வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: முதலில் உடம்பு

பேச்சு வராத பிள்ளைக்குக் காது வலித்தால் சொல்லத் தெரியாது, காதில் அடித்துக்கொள்ளும். நடத்தை திடீரென்று தொடங்கியிருந்தாலோ, ஏற்கெனவே இருந்தது திடீரென்று கூடியிருந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். காதில் சீழ், பல் சொத்தை, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, மாதவிடாய் வலி, வலிப்பு, தூக்கக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்தின் பக்கவிளைவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்குங்கள். சில மரபணுக் குறைபாடுகளுக்குத் தனி அடையாளமே உண்டு. கார்னீலியா டி லாங்கே குறைபாட்டில் இரைப்பை அமிலம் மேலேறும் தொல்லை மிகவும் சகஜம். ஸ்மித் மகெனிஸ் குறைபாட்டில் மெலடோனின் சுரக்கும் நேரமே தலைகீழாகிவிடுவதால் பகலில் தூங்கி வழியும் பிள்ளை இரவில் விழித்திருக்கும். லெஷ் நைஹன் குறைபாட்டில் உதட்டையும் விரலையும் கடித்துக்கொள்வது நோயின் ஒரு பகுதியாகவே வரும்.

பேச்சு வராத ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்காக அவன் அம்மா ஒரு நோட்டில் எழுதிவந்த மூன்று குறிப்புகள் இவை:

செவ்வாய், காலை 7.40. பல் தேய்க்கக் கூப்பிட்டேன். இடது தாடையில் கை முட்டியால் நாலு அடி. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன், நிறுத்திவிட்டான்.

செவ்வாய், மதியம் 1.05. ரெண்டு வாய் சாப்பிட்டதும் இடது தாடையில் ஆறு அடி. தட்டை எடுத்தேன். நிறுத்தவில்லை, அழுதான்.

புதன், இரவு 2.20. தூக்கத்திலிருந்து எழுந்து அடித்துக்கொண்டான். அதே இடது பக்கம். அறையில் யாரும் இல்லை, சத்தம் கேட்டுத்தான் போனேன்.

மூன்றிலும் ஒரே பக்கம். இரண்டு முறை வாயோடு சம்பந்தப்பட்ட நேரம். ஒரு முறை, கேட்கவும் பார்க்கவும் யாருமே இல்லாத நடுராத்திரி. கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை இருந்தது. அதுவரை வீட்டில் எல்லாரும் அதை அடம் என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டு இல்லையென்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

படி 2: பாதுகாப்பு ஏற்பாடு

காரணம் தெரிய நாளாகும். அதுவரை யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் விழித்திரை விலகிப் பார்வையே போகலாம். அதனால் "சின்ன அடிதானே" என்று விடாதீர்கள். தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணையை நீட்டுவது கையைப் பிடித்து இழுப்பதைவிட நல்லது. மற்ற குழந்தைகளை எந்த அறைக்கு யார் கூட்டிப்போவது என்று முன்பே பேசிவையுங்கள். பட்டன் பேட்டரியோ காந்தமோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் சூழ்நிலையிலும் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து மேலிருந்து அழுத்திப் பிடிக்கக் கூடாது. அப்படிப் பிடித்ததில் மூச்சு முட்டி உயிர் போயிருக்கிறது.

படி 3: எதை மாற்றப் போகிறோம்?

"வயலன்ட்டாகிறான்" என்பதை எண்ண முடியாது. "விரித்த கையாலோ முட்டியாலோ தன் தலையிலோ முகத்திலோ அடித்துக்கொள்வது" என்றால் எண்ணலாம். அம்மாவும் ஆசிரியரும் தனித்தனியே எண்ணினால் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். அந்த அளவுக்கு வரையறை தெளிவாக இருக்கட்டும்.

ஆபத்தான ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது போன்றவை யாரையும் காயப்படுத்துவதில்லை; பல பிள்ளைகளுக்கு அவை ஆறுதல். பார்க்க வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக அவற்றை நிறுத்தப் பயிற்சி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பெரியவர்களான பிறகு அது தங்களை எவ்வளவு காயப்படுத்தியது என்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. நேரத்தையும், கூட யார் இருந்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். ஒன்றிரண்டு வாரம் எழுதினாலே பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்.

இதில் எல்லாரும் செய்யும் தவறு, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மனதில் நினைத்ததை எழுதுவது. "கோபம் வந்து அடித்தான்" என்று எழுதாதீர்கள். "டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது, பத்து விநாடியில் தங்கையின் கையைக் கடித்தான், அப்பா தன் போனைக் கொடுத்தார்" என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தியை எழுத மனம் கூசும், ஏனென்றால் அங்கே இருப்பது நாம் செய்தது. ஆனாலும் அதை மறைக்காமல் எழுதுங்கள். அலறும் பிள்ளைக்குப் போனைக் கொடுத்த பெற்றோர் யாரும் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் மூச்சுவிட அது ஒன்றுதான் வழியாக இருந்திருக்கும்.

நடத்தை வராத நேரங்களையும் குறியுங்கள். எந்த ஆசிரியரிடம் அமைதியாக இருக்கிறாள், எந்த அறையில் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்பது, நடந்த சம்பவத்துக்குச் சமமான தகவல்.

படி 5: அந்த நடத்தையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

குறிப்புகளைப் பரப்பிவைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். பதில் பெரும்பாலும் நான்கு வகைக்குள் வரும். பிடிக்காததிலிருந்து தப்பிக்க முடிகிறது. யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள். திட்டுவதும் அதில் சேர்த்திதான். கேட்ட பொருள் கிடைக்கிறது. அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஒரு சுகத்தையோ வலிக்கு ஒரு மாற்றையோ தருகிறது. இதற்கு வேறு யாரும் தேவையில்லை. ஒரே நடத்தைக்கு இரண்டு மூன்று பலன்கள் சேர்ந்து இருப்பதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு அடித்தளம் போட்டது 1982-இல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து பிரையன் இவாட்டாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு. தங்களைக் காயப்படுத்திக்கொண்ட 9 பிள்ளைகளை 15 நிமிட அமர்வுகளில் நான்கு சூழல்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்: பாடம் சொல்லிக்கொடுத்து, காயப்படுத்திக்கொண்டால் பாடத்தை நிறுத்துவது; கவனிக்காமல் இருந்து, காயப்படுத்திக்கொண்டால் மட்டும் "வேண்டாம்மா" என்று தொட்டுச் சொல்வது; தனியே விடுவது; எதுவும் கேட்காமல் சேர்ந்து விளையாடுவது. 9 பேரில் 6 பேருக்கு ஏதாவது ஒரு குறிப்பிட்ட சூழலில் அந்த நடத்தை தெளிவாகக் கூடியது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் செயலுக்குப் பிள்ளைக்குப் பிள்ளை காரணம் வேறு என்பது அப்போது கண்முன்னே தெரிந்தது. 1994-இல் அதே குழுவினர் 152 பேரின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, சுமார் 38 சதவீதத்தினருக்குத் தப்பித்தலும், சுமார் 26 சதவீதத்தினருக்குக் கவனமோ பொருளோ கிடைப்பதும், ஏறக்குறைய அதே அளவினருக்கு உடம்பே தரும் உணர்வும் காரணமாக இருந்தன.

இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். நடத்தையை வேண்டுமென்றே வரவழைக்கும் முறை இது. பயிற்சி பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர், மருத்துவப் பாதுகாப்போடு செய்ய வேண்டியது. இப்போது சில நிமிட அமர்வுகளாகச் சுருக்கியும், கடுமையான நடத்தைக்கு முன்னால் வரும் சிறிய அறிகுறியை மட்டும் வைத்தும் செய்யும் வழிகள் இருக்கின்றன. முனகல், காகிதத்தைத் தள்ளுவது போன்ற அறிகுறி வந்ததுமே பலனைக் கொடுத்து நிறுத்திவிடுவதால் ஆபத்து குறைவு. உங்கள் நிபுணரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

காரணம் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். எழுதச் சொன்னால் மேசையைக் கவிழ்க்கும் பிள்ளையை "தனியா போய் உட்கார்" என்று மூலைக்கு அனுப்புகிறோம். நாம் அதைத் தண்டனை என்று நினைக்கிறோம். எழுத்திலிருந்து தப்பிக்க நினைத்த பிள்ளைக்கு அது முழுப் பரிசு. நாளைக்கும் மேசை கவிழும்.

படி 6: அதே பலனுக்கு இன்னும் எளிய வழி

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அடிப்பதை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், அடித்துப் பெற்றுவந்ததைப் பெற இன்னொரு வழியைக் கையில் கொடுக்க வேண்டும்.

1985-இல் உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பாடம் கடினமாக இருந்ததால் தொல்லை செய்த பிள்ளைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லி உதவி கேட்கவும், கவனத்துக்காகச் செய்தவர்களுக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை மிகவும் குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. எந்தப் பலன் வேண்டுமோ அதைப் பெற்றுத்தரும் சொல்லைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சொல் என்றால் பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. படஅட்டை, சைகை, அழுத்தினால் பேசும் பட்டன், டேப்லெட் எதுவும் ஆகலாம். "அட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும்" என்ற பயம் பெற்றோரிடம் நிறைய. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்திருக்கிறது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எழுதச் சொன்னால் ஆசிரியரின் கையைக் கடிக்கும் ஏழு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை ஒன்று, அதில் கையைக் காட்டி நிறுத்தும் படம். ஆசிரியர் எதிரே, இன்னொருவர் அவள் முதுகுப் பக்கம். ஆசிரியர் தாளை மேசையில் வைக்கிறார். அவள் முனகுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல், பின்னால் இருப்பவர் அவள் முழங்கையை மெல்லத் தொட்டு அட்டையின் பக்கம் நகர்த்துகிறார். அவள் அட்டையைத் தொட்டதுமே ஆசிரியர் "சரி, லீவு!" என்று சொல்லித் தாளை எடுத்துவிடுகிறார். அரை நிமிடம் ஒன்றும் கேட்பதில்லை. மறுபடி தாள், மறுபடி அட்டை, மறுபடி விடுமுறை. முதல் நாள் ஒரு வரிகூட எழுதவில்லை, பரவாயில்லை. பின்னால் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவதைக் குறைத்துக்கொண்டே வருகிறார். அவள் கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுகிறார், வலுக்கட்டாயம் கிடையாது. மூன்றாம் நாள் தாளைப் பார்த்ததும் அவளே அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் கணத்தில் ஆசிரியரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. புதிய வழி பழைய வழியைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். ஒரு கடிக்கு எதிராக நாலு வார்த்தை வாக்கியம் ஜெயிக்காது. தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், உடனே, தாராளமாகப் பலிக்க வேண்டும். அட்டை எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பையில் பூட்டிவைத்த அட்டையால் பயனில்லை.

படி 7: முன்கூட்டியே வழியைச் சீராக்குவது

கவனத்துக்காக அடிக்கும் பிள்ளைக்கு, அடிக்கும் வரை காத்திராமல் கடிகாரம் பார்த்துக் கவனம் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது என்றால் ஏழாவது நிமிடத்தில் போய்ப் பேசுங்கள். தப்பிக்க நினைக்கும் பிள்ளைக்கு வேலையைச் சிறு துண்டாக்குங்கள், அடுத்து என்ன என்பதைப் படவரிசையாகக் காட்டுங்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். பிள்ளையிடமிருந்து டேப்லெட்டைத் திரும்ப வாங்கும் முன் நேரக் கருவி வைத்துச் சொல்லுங்கள். உடம்பின் உணர்வுக்காகச் செய்யும் பிள்ளைக்கு அதே மாதிரியான உணர்வைத் தரும் பாதுகாப்பான பொருளைக் கொடுங்கள். எதையாவது மென்றுகொண்டிருக்கப் பிடிக்கும் பிள்ளைக்குக் கடினமான ரப்பர், அதிர்வு பிடிக்கும் பிள்ளைக்கு அதிரும் பொம்மை.

படி 8: பழைய வழி பலிக்காமல் செய்வது

அட்டை பலிக்கிறது, கடியும் பலிக்கிறது என்றால் கடி போகாது. ஆக, கடித்தால் கிடைத்துவந்தது இனிக் கிடைக்கக் கூடாது. இதை "கண்டுகொள்ளாதே" என்ற ஒரே வார்த்தையில் பலர் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. கண்டுகொள்ளாமல் இருப்பது கவனத்துக்காகச் செய்யும் பிள்ளைக்கு மட்டும்தான் பொருந்தும். தப்பிக்க நினைக்கும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தப்பித்துவிட்டது என்றுதான் அர்த்தம். அங்கே தாளை எடுக்காமல், அட்டையைக் காட்டி நினைவுபடுத்த வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் தலையில் விழும் அடியைத் தடுத்தே ஆக வேண்டும். முகத்தில் உணர்ச்சி காட்டாமல், பேசாமல், கையை நடுவில் வைத்துத் தடுங்கள்.

பலன் நின்றதும் சில பிள்ளைகளுக்கு நடத்தை கொஞ்ச நாள் பலமாகக் கூடும். லெர்மனும் இவாட்டாவும் 1995-இல் 113 பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுமார் 24 சதவீதத்தில் இந்த வெடிப்பு தெரிந்தது. பலனை நிறுத்துவதை மட்டும் செய்த இடங்களில் 36 சதவீதம். மாற்று வழி போன்ற வேறு முறைகளையும் சேர்த்துச் செய்த இடங்களில் 12. ஆறாவது படியை முடிக்காமல் இங்கே வராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காயம் உண்டாக்கும் நடத்தை என்றால் இந்தப் படியை நிபுணர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். பாதியில் மனம் இளகிப் பத்தாவது கடிக்கு விட்டுக்கொடுத்தால், பத்து முறை கடித்தால் கிடைக்கும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

படி 9: காத்திருக்கப் பழக்குவது

கேட்டதெல்லாம் எப்போதும் கிடைக்காது. இதை அவசரப்படாமல் சொல்லிக்கொடுங்கள். அட்டையைக் காட்டியதும் "சரி, ஒரு எழுத்து மட்டும் எழுதிட்டு" என்று ஆரம்பித்து, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரு வரி. பொருள் கேட்கும் பிள்ளைக்கு இரண்டு விநாடி, ஐந்து, பதினைந்து என்று காத்திருப்பை நீட்டுங்கள். காத்திருக்கும் நேரத்தில் கைக்கு வேறு ஏதாவது கொடுங்கள். திடீரென்று நீட்டினால் புதிய வழி பலிக்கவில்லை என்று பிள்ளை நினைத்துப் பழைய கடிக்கே திரும்பிவிடும். அப்படி நடந்தால் பதறாமல் ஒரு படி கீழே இறங்குங்கள்.

தண்டனை, மருந்து, நிபுணர்

இந்தத் துறையின் ஆரம்ப காலத்தில், 1960-களில், அறைவதும் மின்அதிர்ச்சி கொடுப்பதும் சிகிச்சை என்ற பெயரில் நடந்திருக்கின்றன. அந்த வரலாற்றை மறைக்கக் கூடாது. அடி, பட்டினி, இருட்டறை, மிளகாய் எதையும் யாராவது சிகிச்சை என்று சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிஸ்பெரிடோனை 2006-இலும் அரிபிப்ரசோலை 2009-இலும் அனுமதித்தது. சில பிள்ளைகளுக்கு நன்றாக உதவுகின்றன. எடை கூடுவதும் தூக்கக் கலக்கமும் சகஜம் என்பதால் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். மருந்தை மாற்றும் வாரத்திலேயே நடத்தைத் திட்டத்தையும் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

நிபுணரிடம் முதல் சந்திப்பில் கேளுங்கள்: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அமர்வை நான் பார்க்கலாமா? பலன் இல்லையென்றால் எத்தனை வாரத்தில் திட்டத்தை மாற்றுவீர்கள்? "கதவை மூடித்தான் செய்வோம்" என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

படி 10: வரைந்து பாருங்கள், எல்லாருக்கும் கொடுங்கள்

தினமும் ஒரு புள்ளி. கீழே தேதி, பக்கவாட்டில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை. திட்டம் தொடங்கிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு. ஒரு மோசமான நாளுக்குப் பிறகு எல்லாம் வீண் என்று தோன்றும்போது இந்தத் தாள் உண்மையைச் சொல்லும். நாற்பதாக இருந்தது பன்னிரண்டாகி, இன்று பதினெட்டு என்றால் அது சறுக்கல், தோல்வி இல்லை. இரண்டு மூன்று வாரம் கோடு அசையாமல் நின்றால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள். காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கலாம்.

அம்மாவிடம் பலிக்கும் அட்டை பாட்டியிடமும் வேன் ஓட்டுபவரிடமும் பலிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்: எது வந்தால் கஷ்டப்படுவாள், முதலில் என்ன அறிகுறி தெரியும், அட்டை எங்கே இருக்கிறது, காட்டினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது, அவளுக்கு எது ரொம்பப் பிடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு மாறும் முதல் நாள் காலையில், பிள்ளை உள்ளே போவதற்கு முன்னால் அந்தத் தாளைப் புதிய ஆசிரியரின் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.